பச்சைப் பலகை, பழுப்புப் பலகை: சிகாகோவில் ஏழு நாள்

திங்கள்: டிவான் அவென்யூ

முப்பது வருஷம் திருநெல்வேலிப் பக்கம் ஒரு பஸ் டிப்போவில் காலம் தள்ளியவன் நான். எந்த ஊருக்குப் போனாலும் கண் முதலில் பஸ்ஸைத்தான் தேடும். சிகாகோவில் மகள் வீட்டுக்கு வந்த முதல் வாரம் தூக்கத்திலேயே போய்விட்டது. நேற்று மகள் ஒரு பஸ் கார்டைக் கையில் கொடுத்து, "எங்க வேணும்னாலும் போங்கப்பா, போனை மட்டும் சைலண்ட்ல போடாதீங்க" என்றாள். ஆகவே இந்த வாரம் முழுக்க ஊர் சுற்றல். அன்றன்றைக்கு ராத்திரி எழுதிப் போடுகிறேன்.

வீட்டுக்குப் பக்கத்தில் ஓடுவது 155. நான் ஏறத் தடுமாறியதைப் பார்த்து டிரைவரம்மா ஒரு பொத்தானை அழுத்தினார். பஸ் உஸ்ஸென்று காற்றை விட்டுப் படிப்பக்கம் சாய்ந்து கொடுத்தது, பாகன் ஏறுவதற்கு யானை காலை மடிப்பதுபோல. இறங்க வேண்டுமானால் ஜன்னலோரக் கயிற்றை இழுக்க வேண்டும், மணி அடிக்கும். அட, நம் பழைய கண்டக்டர் கயிறு! "டெவன்" என்றேன். "டிவான்" என்று திருத்தினார். இங்கிலாந்தின் டெவன் இங்கே வந்ததும் டிவான் ஆகிவிட்டது.

தெருமுனையில் பச்சைப் பலகை: டிவான் அவென்யூ. கூடவே பழுப்பு நிறத்தில் இன்னொரு பலகை: காந்தி மார்க். கொஞ்ச தூரம் நடந்தால் முகம்மது அலி ஜின்னா வே. ஷேக் முஜிப் பெயரிலும் ஒன்று. மேற்கே போனால் இஸ்ரேல் பிரதமராக இருந்த கோல்டா மெயிர். 1947-லும் 1971-லும் ரத்தக்களரியாகப் பிரிந்தவர்கள் இங்கே ஒரே தெருவில் சிக்னலுக்கு சிக்னல் நிற்கிறார்கள். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

பழுப்புப் பலகை என்பது கௌரவப் பெயர். அதனால் யார் முகவரியும் மாறாது, தபால்காரர் அதைச் சீண்டுவதில்லை, கடைக்காரர் பில் புத்தகத்தைக்கூட மாற்றி அடிக்க வேண்டாம். ஊரில் 50 வார்டு, 50 கவுன்சிலர். தன் வார்டில் இப்படி ஒரு பலகை வேண்டும் என்று கவுன்சிலர் கேட்டால் மாநகர சபை பெரும்பாலும் தலையாட்டிவிடும். செலவு சொற்பம், புண்ணியம் நிறைய. நகரம் முழுக்க ஆயிரத்துக்கும் மேல் இருக்கின்றன.

ஒரு காலத்தில் இது யூதர்கள் கடை வைத்திருந்த தெரு. 1965-ல் குடியேற்றச் சட்டம் மாறி ஆசியர்களுக்குக் கதவு திறந்தது. 1974-ல் பட்டேல் பிரதர்ஸ் தங்கள் முதல் மளிகைக் கடையை இங்கேதான் திறந்தார்கள். இப்போது பர்மாவிலிருந்து வந்த ரோஹிங்கியாக்களுக்கும் ஒரு மையம் இருக்கிறது. இட்லி சாப்பிட்டேன். சாம்பார் இனித்தது. முதலில் வந்தவர்கள் குஜராத்திக்காரர்கள், வேறென்ன சொல்ல.

செவ்வாய்: மழை, வீட்டில்

பேத்தியின் பள்ளிக்கூடப் படிவம் மேஜைமேல் கிடந்தது. முதல் கேள்வி: ஹிஸ்பானிக் அல்லது லத்தீனோவா, ஆமா, இல்லை. அடுத்து இனம். வெள்ளையர், கறுப்பர், ஆசியர், செவ்விந்தியர், ஹவாய்த் தீவினர் என்று கட்டங்கள். மகள் யோசிக்காமல் 'ஆசியர்' கட்டத்தில் டிக் அடித்தாள். "சீனாக்காரனும் நீயும் ஒண்ணா?" என்றேன். "ஃபார்முக்கு ஒண்ணுதாம்ப்பா."

மாப்பிள்ளை இந்த விஷயத்தில் கில்லாடி. பகத் சிங் திந்த் என்ற பஞ்சாபிக்காரர் கதையைச் சொன்னார். முதல் உலகப் போரில் அமெரிக்க ராணுவத்தில் இருந்தவர். அந்தக் காலத்தில் வெள்ளையருக்கும் ஆப்பிரிக்க வம்சாவளியினருக்கும்தான் குடியுரிமை கிடைக்கும். நான் ஆரியன், ஆகவே வெள்ளையன் என்று இவர் வாதாடிப் பார்த்தார். 1923-ல் உச்ச நீதிமன்றம், சாமானிய மனிதன் கண்ணுக்கு நீ வெள்ளையன் இல்லை என்று தள்ளிவிட்டது. இந்தியர்களுக்குக் குடியுரிமை வாசல் 1946-ல்தான் திறந்தது. அப்புறம் வேடிக்கை பாருங்கள். 1970 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் இந்தியர்களை வெள்ளையர் கணக்கில் சேர்த்தார்கள். திந்த் கேட்டது ஒரு வழியாகக் கிடைத்தது! ஆனால் அதற்குள் காற்று மாறிவிட்டது. சிறுபான்மை என்றால் வேலையிலும் அரசு ஒப்பந்தங்களிலும் பாதுகாப்பு உண்டு. இந்தியச் சங்கத்தார் மனுப் போட்டு, எங்களைத் தனியாக எண்ணுங்கள் என்றார்கள். 1980 முதல் தனிக் கட்டம். வெள்ளையனாக்கு என்று கோர்ட்டுக்குப் போனதும் நாம்தான், வெள்ளையன் பட்டியலிலிருந்து எடு என்று மனுப் போட்டதும் நாம்தான்.

நான் இதைச் சொல்லிச் சிரிக்க, பேச்சு வேறு பக்கம் திரும்பிற்று. 2023 ஜூனில் உச்ச நீதிமன்றம், கல்லூரிச் சேர்க்கையில் இனத்தைக் கணக்கில் எடுக்கக் கூடாது என்று சொல்லிவிட்டதல்லவா? ஹார்வர்டு வழக்கு. ஆசிய மாணவர்களுக்கு அநியாயம் நடக்கிறது என்பது வழக்கின் முக்கிய வாதம். ஆசிய அமைப்புகளிலேயே சில அந்தப் பக்கம், சில இந்தப் பக்கம். மாப்பிள்ளை தீர்ப்புக்கு ஆதரவு. "மார்க்குதான் மாமா பேசணும்" என்றார்.

மகள் சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்தாள். "கிண்டில உங்களுக்கு எந்த கோட்டால சீட் கிடைச்சுது?"

மாப்பிள்ளை கொஞ்சம் சும்மா இருந்தார். "பி.சி.தான். ஆனா அது வேற."

"எது வேற?"

அதற்கு மேல் நான் டீயோடு பால்கனிக்குப் போய்விட்டேன். மாமனாருக்கு அங்கே வேலையில்லை. ஆனால் யோசித்துப் பார்த்தேன். மாப்பிள்ளை வேஷதாரி இல்லை. ஊரில் அவர் நின்ற வரிசை வேறு, இங்கே நிற்கிற வரிசை வேறு. வரிசை மாறியதும் நியாயமும் மாறிவிட்டது.

புதன்: ஹால்ஸ்டெட் தெரு, 8-ஆம் நம்பர் பஸ்

பிரிட்ஜ்போர்ட் என்ற பேட்டை. தாழ்வான செங்கல் வீடுகள், சர்ச், முனைக்கு முனை சாராயக் கடைகளாக இருந்த கட்டடங்கள். பார்த்தால் ஒன்றுமில்லை. ஆனால் இந்தச் சின்னப் பேட்டையிலிருந்து ஐந்து மேயர்கள் வந்திருக்கிறார்கள். அதில் பெரிய தலை ரிச்சர்ட் ஜே. டேலி. 1955 முதல் 1976-ல் சாகும்வரை மேயர். மகன் ரிச்சர்ட் எம். டேலி 1989 முதல் 2011 வரை. அப்பா 21 வருஷம், மகன் 22 வருஷம். நம்மூரில் வாரிசு அரசியல் என்று அலுத்துக்கொள்கிறவர்கள் கவனிக்கவும்.

ஐரிஷ்காரர்கள் இந்த ஊரில் என்றுமே பெரும்பான்மை இல்லை. பிறகு எப்படி? பஞ்சத்துக்குத் தப்பி வந்தவர்கள், ஆங்கிலம் தெரியும், கூட்டம் சேர்க்கத் தெரியும். ஒவ்வொரு வாக்குச்சாவடிக்கும் ஜனநாயகக் கட்சி ஒரு கேப்டனை வைத்தது. உன் வீட்டுமுன் விளக்கு எரியவில்லையா, மகனுக்கு மாநகராட்சி வேலை வேண்டுமா, கேப்டனிடம் சொல். தேர்தலன்று கேப்டன் உன் வீட்டுக்கதவைத் தட்டுவார். அவருக்கே மாநகராட்சியில் ஒரு வேலை இருக்கும், ஓட்டு குறைந்தால் அதுவும் போகும். நம் வட்டச் செயலாளர்கள் இதைப் படித்தால் கண்ணீர் விடுவார்கள். இதில் சித்தாந்தம் எங்கே என்று கேட்டால் யாருக்கும் தெரியாது.

ஆனால் இந்த யந்திரத்தை முதலில் முழுசாகப் பூட்டியவர் ஐரிஷ்காரர் இல்லை. ஹால்ஸ்டெட்டில் இறங்கி 21-ஆம் நம்பர் ஏறினால் அந்த பஸ் ஓடுவதே அவர் பெயர் கொண்ட ரோட்டில்தான்: செர்மாக் ரோடு. ஆன்டன் செர்மாக், செக் நாட்டில் பிறந்து குழந்தையாக வந்தவர். அப்போது அமெரிக்காவில் மதுவிலக்கு. ஜெர்மானியர், செக், போலந்துக்காரர், இத்தாலியர் என்று ஒருவருக்கொருவர் முகம் கொடுக்காத கூட்டங்கள் எல்லாம் ஒரே விஷயத்தில் ஒத்துப்போயின: சாராயக் கடையை மூடாதே. அந்த ஒரு கோரிக்கையை வைத்து செர்மாக் எல்லோரையும் ஒரே கூடாரத்துக்குள் கொண்டுவந்தார். இவர்களை இணைத்த தத்துவம் எது என்றால், பீர்.

1931 தேர்தலில் எதிராளி, குடியரசுக் கட்சி மேயர் பில் தாம்ப்சன், இவர் பெயரையும் தள்ளுவண்டி வைத்திருந்த பிழைப்பையும் மேடையில் கிண்டலடித்தார். ஆரம்பகால ஆங்கிலேயக் குடியேறிகள் வந்த மேஃபிளவர் கப்பலில் நான் வரவில்லைதான், முடிந்த அளவு சீக்கிரம் வந்துவிட்டேன் என்ற மாதிரி செர்மாக் பதில் சொன்னார். கேட்டுக்கொண்டிருந்த பாதி ஊருக்கு அது தன் கதை. தாம்ப்சன் தோற்றார். அன்றிலிருந்து இன்றுவரை சிகாகோவில் குடியரசுக் கட்சிக்காரர் யாரும் மேயர் ஆனதில்லை. 1933-ல் மயாமியில் ரூஸ்வெல்ட்டைக் குறிவைத்த துப்பாக்கி செர்மாக்கைத் தாக்கியது. அவர் இறந்ததும் 22-ஆம் தெரு செர்மாக் ரோடு ஆயிற்று. இது பச்சைப் பலகை, அசல்.

அந்த ரோட்டிலேயே போனால் சைனா டவுன் வாசல் வளைவு. டேலி குடும்பத்தின் கோட்டையான 11-ஆவது வார்டை 2022-ல் மறுவரையறை செய்தபோது ஆசியர் பெரும்பான்மை உள்ள முதல் வார்டாக மாறியது. டேலியின் பேரன் கவுன்சிலர் பதவி இழந்த இடத்துக்கு நிக்கோல் லீ என்ற சீன அமெரிக்கப் பெண் வந்தார், 2023 தேர்தலிலும் ஜெயித்தார். கோட்டை அப்படியே இருக்கிறது, குடித்தனம்தான் மாறியிருக்கிறது.

வியாழன்: டிவிஷன் தெரு

இன்றைக்கு 70-ஆம் நம்பரில் தூங்கிவிட்டேன். போர்ட்டோ ரிக்கோகாரர்கள் பகுதியில் இறங்க வேண்டியவன், விழித்தபோது பஸ் புலாஸ்கி ரோட்டில் நின்றது. திரும்பும் பஸ்ஸுக்கு நிற்கும்போது போனில் அந்தப் பெயரைத் தேடினேன். அமெரிக்க சுதந்திரப் போரில் சண்டையிட்டு 1779-ல் இறந்த போலந்துப் பிரபு. 1933-ல் கிராஃபோர்டு அவென்யூவை புலாஸ்கி ரோடு ஆக்கினார்கள், போலந்துக்காரர் ஓட்டுக்காக. கடைக்காரர்கள் கோர்ட்டுக்குப் போனார்கள். வழக்கு 1952 வரை நடந்தது, 19 வருஷம்! இன்றும் நகர எல்லை தாண்டி வடக்கே போனால் அதே ரோடு கிராஃபோர்டுதான்.

சரி, போர்ட்டோ ரிக்கோ. தெருவின் குறுக்கே இரண்டு பிரம்மாண்டமான எஃகுக் கொடிகள், காற்றில் அலைவதுபோல வளைத்துச் செய்தவை, ஒவ்வொன்றும் 59 அடி உயரம். 1995-ல் நிறுத்தினார்கள். கீழே நின்று பார்த்தால் அம்மன் கோயில் கொடை அலங்கார வளைவு ஞாபகம் வருகிறது.

படிவத்தில் இவர்களும் மெக்சிகோகாரர்களும் ஒரே 'லத்தீனோ'. ஆனால் போர்ட்டோ ரிக்கோகாரர்கள் 1917 முதல் பிறப்பாலேயே அமெரிக்கக் குடிமக்கள். விமானத்திலிருந்து இறங்கி ஓட்டுப் போடலாம். மெக்சிகோகாரருக்குக் குடிநுழைவு அதிகாரிதான் தினசரிக் கவலை. ஒரு வீட்டில் வாடகை, பள்ளிக்கூடம், போலீஸ். இன்னொரு வீட்டில் அப்பா ராத்திரி திரும்பி வருவாரா என்பது. கட்டம் ஒன்று, கவலை இரண்டு. ஓட்டு மட்டும் எப்படி ஒன்றாகும்?

வெள்ளி: கிங் டிரைவ்

3-ஆம் நம்பர் பஸ் தெற்கே மார்ட்டின் லூதர் கிங் டிரைவில் போகிறது. 1968-ல் கிங்கைக் கொன்ற பிறகு டேலி வைத்த பெயர். ரோடு முழுக்கக் கறுப்பர்கள் வாழும் பகுதி வழியாகவே போகும்படி பார்த்துக்கொண்டார். வெள்ளைக்காரர் யாரும் தன் லெட்டர்பேடை மாற்ற வேண்டியிருக்கவில்லை.

26-ஆம் தெருவில் இறங்கினேன். ஒரு வெண்கல மனிதன், கையில் கயிறு கட்டிய பெட்டி, வடக்கு பார்த்து நிற்கிறான். அலிசன் சார் 1996-ல் செய்த சிலை. கிட்டே போனால்தான் தெரிகிறது, அவன் போட்டிருக்கும் உடுப்பு துணி இல்லை. தேய்ந்த செருப்பு அடிப்பாகங்கள். ஒன்றன்மேல் ஒன்றாக, மீன் செதிள் மாதிரி. சிலதில் ஓட்டைகூட விழுந்திருக்கிறது. தடவிப் பார்த்தேன், குளிர்ந்து கிடந்தது. நடந்து தேய்த்த செருப்பையே சட்டையாகப் போட்டுக்கொண்டு ஒருவன் ஊர் வந்து சேர்ந்திருக்கிறான். வாரம் முழுக்கப் பார்த்ததில் இதன்முன்தான் ரொம்ப நேரம் நின்றேன்.

1910-ல் சிகாகோவில் கறுப்பர்கள் 44 ஆயிரம் பேர். 1970-ல் பத்து லட்சத்துக்கு மேல். தெற்கே பருத்திக் காட்டிலும் தூக்குக் கயிற்றிலும் இருந்து தப்பி ரயிலேறி வந்தவர்கள். 1919 ஜூலையில் ஒரு கறுப்பினப் பையன் ஏரியில் கண்ணுக்குத் தெரியாத கோட்டைத் தாண்டி வெள்ளையர் பக்கம் மிதந்துவிட்டான் என்று கல்லெறிந்தார்கள். பையன் மூழ்கிச் செத்தான். அதைத் தொடர்ந்த கலவரத்தில் 38 பேர் மாண்டார்கள்.

நமக்குப் புரியாத ஒன்று: இவர்கள் முதலில் குடியரசுக் கட்சி. லிங்கனின் கட்சி அல்லவா? 1928-ல் இங்கிருந்து நாடாளுமன்றத்துக்குப் போன ஆஸ்கார் டி பிரீஸ்ட் அந்தக் கட்சிதான். வடக்கு மாநிலங்களிலிருந்து போன முதல் கறுப்பினத்தவர். 1934-ல் அவரைத் தோற்கடித்த ஆர்தர் மிட்செல், ஜனநாயகக் கட்சியிலிருந்து நாடாளுமன்றம் போன முதல் கறுப்பினத்தவர். ரூஸ்வெல்ட் ஆட்சியின் நிவாரண வேலைகள் ஒரு பக்கம், செர்மாக் பூட்டிய யந்திரம் இன்னொரு பக்கம். ஜனங்கள் மெதுவாகக் கட்சி மாறினார்கள். யந்திரம் ஓட்டை வாங்கிக்கொண்டது, சாவியைக் கொடுக்கவில்லை.

சாவியைக் கேட்டவர் ஹெரால்ட் வாஷிங்டன். 1982-ல் ஒரு லட்சத்துக்கு மேற்பட்ட கறுப்பினத்தவர் புதிதாக வாக்காளராகப் பதிந்தார்கள். 1983 பிப்ரவரியில் கட்சிக்குள் நடந்த தேர்தலில் அப்போதைய மேயர் ஜேன் பர்னும் டேலியின் மகனும் வெள்ளையர் ஓட்டைப் பிரிக்க, இவர் ஜெயித்தார். வழக்கமாக அதோடு முடிந்தது, ஜனநாயகக் கட்சி வேட்பாளர் என்றாலே மேயர்தான். அந்த வருஷம் மட்டும் குடியரசுக் கட்சி வேட்பாளர் பெர்னார்ட் எப்டனுக்கு வெள்ளையர் வார்டுகளில் ஓட்டு கொட்டியது. அவருடைய விளம்பரத்தின் கடைசி வரி: 'காலம் கடந்துவிடும் முன்'. எதற்குக் காலம் கடக்கிறது என்று சொல்லவே இல்லை, எல்லோருக்கும் புரிந்தது. ஐம்பது வருஷமாகப் பரம்பரை பரம்பரையாக ஒரே கட்சிக்குப் போட்டவர்கள் ஒரே நாளில் மாற்றிப் போட்டார்கள். அப்படியும் வாஷிங்டன் 48 ஆயிரம் ஓட்டில் தேறினார்.

அதன்பின் மூன்று வருஷம் மாநகர சபையில் கூத்து. 50 பேரில் 29 பேர் எதிரணி, அவர் கட்சிக்காரர்களேதான்! மேயர் நியமிப்பதை அவர்கள் நிறுத்துவார்கள், அவர்கள் தீர்மானத்தை மேயர் வெட்டோ செய்வார். வார்டு எல்லைகள் கறுப்பருக்கும் லத்தீனோக்களுக்கும் அநியாயமாக வெட்டப்பட்டிருந்தன என்று கோர்ட் சொல்லி, 1986-ல் ஏழு வார்டுகளில் மறுதேர்தல். கடைசியில் நேற்று நான் பார்த்த பகுதியில்தான் முடிச்சு அவிழ்ந்தது. 26-ஆவது வார்டில் லூயிஸ் குட்டியரெஸ் ஜெயித்து 25-க்கு 25 ஆக்கினார், மேயரின் ஓட்டு 26-ஆவது. குட்டியரெஸை எதிர்த்து நின்றவரும் போர்ட்டோ ரிக்கோகாரர்தான் என்பதை மறக்க வேண்டாம். எதிரணித் தலைவர் விர்டோலியாக் அடுத்த வருஷமே குடியரசுக் கட்சிக்குப் போய்விட்டார். வாஷிங்டன் 1987-ல் மறுபடி ஜெயித்து, அதே நவம்பரில் அலுவலக மேஜையிலேயே சாய்ந்து இறந்தார்.

சனி: மார்க்கெட் பார்க்

இன்று மாப்பிள்ளை காரில். அவர் வீடு வாங்கப் பார்த்துக்கொண்டிருக்கிறார். வழியெல்லாம் போன் ஆப்பில் விலையும் பள்ளிக்கூடத்துக்கு எத்தனை மார்க் என்பதும் ஓடிக்கொண்டே இருந்தது. சிக்னலில் நின்ற ஒரு இடத்தில், "இந்த ஏரியா நமக்கு ஒத்துவராது மாமா" என்றார். ஏன் என்று நான் கேட்கவில்லை. நடைபாதையில் யார் போகிறார்கள் என்று நானும் பார்த்தேன்.

மார்க்கெட் பார்க் என்ற பூங்காவில் ஒரு முனையில் அட்லாண்டிக்கைத் தாண்டிப் பறந்த இரண்டு லித்துவேனிய விமானிகளுக்கு 1935-ல் வைத்த நினைவுச் சின்னம். இன்னொரு பக்கம், 2016-ல் வைத்த செங்கல் சிற்பம், அதில் கிங். இரண்டுக்கும் நடுவில்தான் அந்தக் கதை நடந்தது. 1966 ஆகஸ்ட் 5-ஆம் தேதி, கறுப்பர்களுக்கு எல்லாப் பகுதியிலும் வீடு விற்க வேண்டும் என்று கிங் இங்கே ஊர்வலம் வந்தார். கூடி நின்ற ஆயிரக்கணக்கான வெள்ளையர்கள் எறிந்த கல்லில் ஒன்று அவர் தலையில் பட்டு, ஒற்றைக் காலில் மண்டியிட்டார். தெற்கு மாநிலங்களில்கூட இவ்வளவு வெறுப்பைப் பார்த்ததில்லை என்று பிறகு சொன்னார்.

கல்லெறிந்தவர்கள் பண்ணையார்கள் இல்லை. லித்துவேனியர், போலந்துக்காரர், ஐரிஷ், இறைச்சிக் கிடங்கிலும் இரும்பாலையிலும் உழைத்தவர்கள். சுற்றிலும் இன்றும் வரிசை வரிசையாக நிற்கிற இந்தச் செங்கல் பங்களாதான் அவர்களுடைய மொத்தச் சொத்து. ஒரு கறுப்பர் குடும்பம் வந்தால் விலை சரியும் என்று தரகர்கள் வீடு வீடாகப் பயம் காட்டினார்கள். பயந்து விற்றவரிடம் அடிமாட்டு விலைக்கு வாங்கி, வங்கிக் கடன் கிடைக்காத கறுப்பருக்கு இரண்டு மடங்குக்குத் தவணையில் விற்றார்கள். ஒரு தவணை தவறினால் வீடும் போகும், கட்டிய காசும் போகும். கறுப்பர் பகுதிக் கடன்களுக்கு அரசாங்கமே உத்தரவாதம் தராமல் இருந்ததால்தான் இந்தத் தரகு செழித்தது. விற்றவனுக்கும் நஷ்டம், வாங்கியவனுக்கும் நஷ்டம். இரண்டு பேரும் ஒருவரையொருவர் வெறுத்தார்கள், தரகனை யாரும் கல்லால் அடிக்கவில்லை.

இப்போது பூங்காவில் கறுப்பர்களும் மெக்சிகோகாரர்களும்தான் அதிகம். ஒரு குடும்பம் புகையக் கறி சுட்டுக்கொண்டிருந்தது. கிங் சிற்பத்தை முன்னின்று வைத்தது பக்கத்துத் தெருவிலிருக்கும் ஒரு முஸ்லிம் சேவை அமைப்பு. மாப்பிள்ளை சிற்பத்தைப் படம் எடுத்தார். திரும்பும்போது ஆப்பைத் திறக்கவில்லை, அல்லது நான் பார்க்கும்போது திறக்கவில்லை.

ஞாயிறு: பால்போ டிரைவ்

எல்லோரும் ஏரிக்கரைக்குப் போனோம். பேத்தி பலகை படிக்கும் வியாதியை என்னிடமிருந்து பிடித்துக்கொண்டுவிட்டாள். "தாத்தா, பால்போ யாரு?"

நல்ல கேள்வி. இட்டாலோ பால்போ, முசோலினியின் வலது கை. 1933 உலகக் கண்காட்சிக்கு இத்தாலியிலிருந்து 24 விமானங்களோடு கடல் தாண்டிப் பறந்து வந்தார். ஊர் மயங்கிப்போய் 7-ஆம் தெருவுக்கு அவர் பெயரை வைத்தது. மறுவருஷம் முசோலினி ஒரு பழைய ரோமானியத் தூணையும் அனுப்பினார். அதுவும் ஏரிக்கரையில் நிற்கிறது. கீழே ஃபாசிச ஆட்சியின் பதினோராம் ஆண்டு என்று செதுக்கியிருக்கிறது. அந்த ஃபாசிசத்தோடு போர் தொடுத்த நாட்டில்!

2018-ல் இந்தப் பெயரை எடுத்துவிட்டு ஐடா பி. வெல்ஸ் பெயரை வைக்க வேண்டும் என்று கவுன்சிலர்கள் கிளம்பினார்கள். கும்பல் தூக்குக் கொலைகளை எதிர்த்து எழுதிய கறுப்பினப் பத்திரிகையாளர், இந்த ஊரில் வாழ்ந்தவர். இத்தாலிய அமெரிக்கர்கள் எதிர்த்தார்கள். கடைசியில் பால்போவைத் தொடாமல், பக்கத்தில் காங்கிரஸ் பார்க்வேயை ஐடா பி. வெல்ஸ் டிரைவ் ஆக்கினார்கள். காங்கிரஸ் என்றால் இங்கே நாடாளுமன்றம்; அதற்காக வாதாட எந்த இனமும் இல்லை போலிருக்கிறது.

எனக்கு முதலில் கோபம் வந்தது. அப்புறம் மகள் இன்னொன்று சொன்னாள். 1891-ல் நியூ ஆர்லியன்ஸில் ஒரு கும்பல் சிறைக்குள் புகுந்து 11 இத்தாலியர்களைக் கொன்றது. அடுத்த வருஷம் ஜனாதிபதி ஹாரிசன் கொலம்பஸ் நாளைக் கொண்டாடச் சொல்லி அறிவித்தார். கொலம்பஸைப் பிடித்துக்கொண்டுதான் இத்தாலியர்கள் இந்த நாட்டில் மனுஷர் ஆனார்கள். அதே 1892-ல் மெம்ஃபிஸில் தன் நண்பர்கள் மூவரைக் கும்பல் கொன்ற பிறகுதான் ஐடா வெல்ஸ் கும்பல் கொலைகளுக்கு எதிராகப் பேனாவைத் தூக்கினார். ஒரே மாதிரிக் கும்பலிடம் செத்தவர்களின் வாரிசுகள் ஒரே தெருப் பலகைக்குச் சண்டை போட்டிருக்கிறார்கள். 2020 ஜூலையில் ராத்திரியோடு ராத்திரியாக இந்த ஏரிக்கரைப் பூங்காவிலிருந்து கொலம்பஸ் சிலையையும் எடுத்துவிட்டார்கள்.

எனக்கு 1997 ஞாபகம் வந்தது. கட்டபொம்மன் படையில் இருந்த தலித் வீரர், வீரன் சுந்தரலிங்கம் பெயரில் ஒரு போக்குவரத்துக் கழகம் அறிவித்தார்கள். அந்தப் பெயர் எழுதிய பஸ்ஸில் ஏறமாட்டோம் என்று மற்ற சாதிக்காரர்கள் கிளம்பி, தென் மாவட்டங்கள் பற்றி எரிந்தன. கடைசியில் எல்லாத் தலைவர்கள் பெயரையுமே எடுத்துவிட்டார்கள், எங்கள் கட்டபொம்மன் உட்பட. டிப்போவில் பெயிண்டர்கள் வரிசையாக பஸ் பஸ்ஸாகப் பெயரை அழித்தார்கள். ஒரு கோட்டிங்தான் அடித்தார்கள். சாயங்கால வெயில் சாய்வாக விழும்போது புதுப் பெயிண்டுக்கு அடியில் பழைய எழுத்து மேடாகத் தெரியும். கையால் தடவினால் 'க' எங்கே என்று சொல்லிவிடலாம். பேத்திக்கு இதை எப்படிச் சொல்வது? சொல்லவில்லை.

ராத்திரி சாப்பாட்டின்போது மாப்பிள்ளை போனைப் பார்த்துவிட்டு, "மாமா, எங்க வாட்ஸ்அப் குரூப்ல ஒரு பேச்சு. இங்க ஒரு தெருவுக்குத் திருவள்ளுவர் பேர் வைக்கச் சொல்லி கவுன்சிலர்கிட்ட மனுக் கொடுக்கலாமான்னு. கையெழுத்து சேர்க்கணும்" என்றார். "டிவான்லயே கேட்கலாம்னு சிலர், அங்க வேண்டாம், காந்திக்கும் ஜின்னாவுக்கும் நடுவுல நாம காணாமப் போயிருவோம்னு சிலர்." இரண்டு குரூப்பாகப் பிரிந்து ஒரு குரூப் ஏற்கெனவே வெளியேறிவிட்டதாம்.

மகள் என்னைப் பார்த்துச் சிரித்தாள். வாரம் முழுக்கப் பலகைகளைக் கேலி செய்தவன் நான்.

"என் கையெழுத்து செல்லுமா? நான் விசிட்டர் விசாவாச்சே" என்றேன். "சும்மா ஆதரவுக்குத்தான் மாமா." சரி என்று பேனாவைக் கேட்டேன். போனிலேயே போடலாமாம்.

போடுவதற்கு முன் ஒன்றே ஒன்றுதான் கேட்டேன். "பழுப்பா, பச்சையா?"